செடிக்கு ஆனிச் சீர்

ஜூன் பிறந்தால் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களை இரண்டு காய்ச்சல்கள் தாக்கும். ஒன்று ஸ்கூல் ஃபீஸ். பணத்தைக் கட்டினால் இறங்கிவிடும். இரண்டாவது மாடித் தோட்டக் காய்ச்சல். இது பணம் கட்டக் கட்ட ஏறும்.

அறிகுறிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி டம்ளரும் கையுமாக செல்போனில் ஒரு வீடியோ. மொட்டை மாடியில் ஒருவர் கூடை நிறையத் தக்காளியோடு நின்றுகொண்டு, "நாங்க காய் வாங்கக் கடைப்பக்கமே போறதில்லைங்க" என்கிறார். பதினொரு மணிக்கு நம் ஆள் நர்சரியில் நிற்கிறார். ஒரு மணிக்கு ஆட்டோவில் திரும்புகிறார். கூடவே இருபத்தைந்து பை, எட்டு வகை விதை, ஒரு மண்வெட்டி, நர்சரிக்காரர் தலையில் கட்டிய ஒரு அத்திச் செடி. சாயங்காலமே விதையும் போட்டாகிவிட்டது. ஆவணி கடைசியில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். பைகளில் மிச்சமிருப்பது நாலு காய்ந்த குச்சியும், பக்கத்து வீட்டுப் பையனின் கிரிக்கெட் பால் ஒன்றும்.

நான் பி.காம். செடியைப் பார்த்தாலும் எனக்குப் பற்று வரவுதான் தெரியும். ஒரு கடை நொடிக்கிறது என்றால் அதற்கான காரணம் பெரும்பாலும் ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். தப்பான இடம், தேவைக்கு மேல் சரக்கு, கையில் நடைமுறை மூலதனம் கிடையாது. தோட்டமும் அப்படியே. விதை விழுவதற்கு முந்தின முப்பது நாளில் என்ன செய்தீர்கள் என்பதில்தான் மொத்த லாப நஷ்டமும் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஆடிச் சீர் என்றால் செடிக்கு ஆனிச் சீர்!

* * *

ஏன் ஆடி என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நமக்குத் தெரிந்த பட்டம், காலேஜில் கொடுப்பதும் கயிறு கட்டி வானத்தில் விடுவதும்தான். விவசாயிக்குப் பட்டம் என்றால் விதைக்கிற பருவம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொன்னவர்கள் சும்மா எதுகைக்காகச் சொல்லவில்லை. இங்கிலாந்துக்காரர் பனி விலகிய கையோடு மார்ச், ஏப்ரலில் தோட்டத்துச் சாமான்களைத் தூசி தட்டுகிறார். நமக்கு ஏப்ரல் என்பது செடி வைக்கிற மாதம் இல்லை, வடாம் காயவைக்கிற மாதம். மொட்டை மாடியில் அந்த நேரத்தில் விதை போட்டால் முளைக்காது, பொரியும்.

அக்னி நட்சத்திரம் முடிந்து, மேற்கே தென்மேற்குப் பருவமழை பிடித்து, வெயிலின் கோபம் கொஞ்சம் தணிகிற சமயம் ஆடி. ஜூலை 17 வாக்கில் பிறக்கும். காவிரிக்காரர்களுக்கு ஆற்றில் புதுத் தண்ணீர், பதினெட்டாம் பெருக்கு. சென்னைவாசிகளுக்குச் சாயங்காலத்தில் திடீரென்று இடித்துக்கொண்டு வருகிற மழை. ஆடியில் ஊன்றினால் அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் செடி வேர் பிடித்துக் காய்த்துவிடும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த நேரத்தில் மூணு இலை நாற்றாக நிற்கிற செடிக்கு யாரும் இன்ஷூரன்ஸ் கொடுக்க மாட்டார்கள்.

ஆக, ஆடியில் விதைக்க வேண்டுமானால் ஆனியில் தயாராக வேண்டும். இதை எனக்குப் புத்தகம் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தவர்கள் இரண்டு பெரியவர்கள். ஒருவர் விவசாயி, இன்னொருவர் ரிட்டையர்டு ஓவர்சீயர். இருவருக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது.

* * *

எங்கள் ஆபீஸில் பர்ச்சேஸ் செக்‌ஷனில் ஒரு நண்பர். வாடகை வீடு, முதல் மாடி, மேலே மொட்டை மாடி. பத்து மாச அட்வான்ஸ் ஹவுஸ் ஓனரிடம். நண்பரின் அப்பாவுக்குக் கொள்ளிடக் கரையில் இரண்டு ஏக்கர். நாற்பது வருஷம் சேற்றில் நின்றவர். மனைவி தவறிப்போய் ஊரில் தனியாக இருந்தார். போன வருஷம் நெஞ்சு வலி, ஒரு ஸ்டென்ட். "இனிமே வயல்ல இறங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அப்பாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டார் நண்பர்.

இங்கே அவருக்கு என்ன வேலை? காலையில் பேப்பர். அப்புறம் டி.வி.யில் ஒரே நியூஸை ஏழு தடவை. அப்புறம் ஜன்னல். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால், "ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் போட்டுடுப்பா" என்பார். நண்பர் எதையாவது சொல்லித் தள்ளிப்போடுவார். ஊருக்குப் போனால் மறுநாளே மண்வெட்டியைத் தூக்குவார் என்று பயம்.

"என்ன சார் பண்றது? ஆளைப் பிடிச்சு வைக்க முடியல" என்றார் என்னிடம், கேன்டீனில்.

"மாடில நாலு செடி வைக்கச் சொல்லுங்களேன். பதினெட்டுப் படிதானே?"

டாக்டரும், "நிதானமா ஏறட்டும், நல்லதுதான்" என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொன்னதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரிலிருந்து ஒரு டிராக்டர் வண்டல் மண் இறக்கலாம், இருபத்தைந்து பை போடலாம் என்று உடனே திட்டமும் தயார். பாக்கி இருந்தது ஒரே ஒரு சின்ன விஷயம். மாடி நண்பருடையது இல்லை.

வாடகை வீட்டு வாசகர்களே, இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு முதல் இடுபொருள் மண்ணோ உரமோ இல்லை. பர்மிஷன். கேட்காமல் வைத்துவிட்டு, சீலிங்கில் ஓர் ஈரத் திட்டு தெரிந்தால், அது உங்கள் செடியால் வந்ததோ 1985-ல் போட்ட தளத்தால் வந்ததோ, கழிப்பது உங்கள் அட்வான்ஸில்தான்.

* * *

ஓனர், பெரியவரையும் நண்பரையும் (வேடிக்கை பார்க்கப் போயிருந்த என்னையும்) உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, ஒரு பை எத்தனை கிலோ?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பை எத்தனை ரூபாய் என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

ஓவர்சீயர் பழைய டைரி ஒன்றை எடுத்தார். ஓர் அடி விட்டம், ஓர் அடி உயரமுள்ள பையில், மேலே கொஞ்சம் இடம் விட்டால், சுமார் 18 லிட்டர் பிடிக்கும். வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் ஒரு பை 30 கிலோவைத் தாண்டும். இருபத்தைந்து பைக்கு 750 கிலோ. "ஒரு மாருதி 800 காரை விடக் கனம். கார் வேணா நிறுத்திக்கறீங்களா மாடில?" என்றார்.

ஆட்கள் ஏறி நடமாடுகிற தட்டையான மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று கணக்கு வைத்துத்தான் நம் நாட்டு விதிப்படி டிசைன் செய்வார்கள். ஒரு சதுர மீட்டரில் நெருக்கி நாலு மண் பை வைத்தால் 120-க்கு மேல். பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுகிறவர் 65. தளம் மூச்சு வாங்காதா?

"அப்ப மண்ணே வேணாங்கறீங்களா?" என்றார் அப்பா.

"மண்ணைக் குறைச்சு, தென்னை நார்க்கழிவு போடுங்க பெரியவரே. லேசு."

"மண்ணில்லாம வெவசாயமா? மெத்தைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரில்ல இருக்கு!"

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, அரசாங்க பாணியில் ஒரு சாங்ஷன் ஆர்டர் வந்தது. ஒன்று, முதலில் ஐந்தே ஐந்து பை. இரண்டு, தளத்தின் நடுவில் கூடாது, பீம் போகிற வரிசையில் சுவர் ஓரமாக மட்டும். மூன்று, ஒவ்வொரு பைக்கும் அடியில் செங்கல் வைத்துத் தூக்க வேண்டும். வடிகிற தண்ணீர் ஓட வேண்டும், தரை காய வேண்டும், என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்தால் தெரிய வேண்டும். "மழைக்காலம் முடியட்டும். சீலிங்ல ஈரம் இல்லேன்னா அடுத்த அஞ்சைப் பத்திப் பேசலாம்."

நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். ஐந்து பை என்பதுதான் ஆபீஸ் போகிறவனுக்குச் சரியான முதல் ஆர்டர். இருபத்தைந்து பையை முதல் வருஷமே பராமரிக்கக்கூடியவர் ஆபீஸுக்கு லீவு போட்டிருக்க வேண்டும், அல்லது ஆபீஸிலேயே இல்லாதவராக இருக்க வேண்டும்.

* * *

கலவைக்கு வருவோம். பார்முலா இரண்டு பெரியவர்களும் சமாதானக் கொடி காட்டி ஒப்புக்கொண்டது. நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு. நனைந்த பிறகும் ஒரு பை 20 கிலோ வாக்கில்தான் நிற்கும்.

நார்க்கழிவு செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாக வரும். ஐந்து கிலோ கட்டியைத் தண்ணீரில் போட்டால் 60 லிட்டருக்குக் குறையாமல் உப்பும். பக்கெட்டில் போட்டுவிட்டு பேப்பர் படிக்கப் போனால் திரும்பி வரும்போது பாத்ரூம் பூராவும் அதுதான் இருக்கும். பெரிய டப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும். அதில் உப்பு இருக்கிறது, செடிக்கு ஆகாது. வடித்துவிட்டு இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, இலை ஓரம் கருகியதும் விதைக்காரரைத் திட்டுவார்கள்.

மக்கிய உரம் என்றால் உண்மையிலேயே மக்கியிருக்க வேண்டும். மாட்டுச் சாணத்தைப் பச்சையாகப் போட்டால் உள்ளே சூடேறி வேர் வெந்துவிடும். வீட்டுக் காய்கறிக் கழிவை மக்கவைக்க 45 முதல் 60 நாள் ஆகும். ஆடிக்கு அது வேண்டுமென்றால் வைகாசியிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். இந்த வருஷத்துக்கு மண்புழு உரம் வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷத்துக்கு இன்றே ஒரு மூடி போட்ட பக்கெட்டில் தோலும் காய்ந்த இலையுமாகப் போட ஆரம்பியுங்கள். அதுதான் மறுமுதலீடு!

கூடவே பைக்கு இரண்டு கை வேப்பம் புண்ணாக்குத் தூள். எல்லாவற்றையும் கலந்து, பையில் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஏழிலிருந்து பத்து நாள் சும்மா விட வேண்டும். கலவை ஆறி, நுண்ணுயிர்கள் பெருகுகிற நேரம் இது. இந்தப் பத்து நாளைத்தான் நம்மவர்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அப்பாவுக்கு டெஸ்ட் மிக எளிது. கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்துவார். கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், நிற்காமலே உதிர்ந்தால் குறைவு. முதல் தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல... பஞ்சு மெத்தைன்னாலும் நல்ல மெத்ததான்" என்றார். ஓவர்சீயர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார்.

* * *

விதை வாங்குவதில் ஒரு விஷயம். பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கல்யாணத் தரகர் காட்டுகிற போட்டோ மாதிரிதான் அது. பின்பக்கத்தைப் படியுங்கள். சோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத்திறன் எல்லாம் அச்சிட்டிருக்கும். முளைப்புத்திறனில் அரசு வைத்திருக்கிற குறைந்தபட்ச அளவு தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவிகிதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது பத்து மிளகாய் விதை போட்டு ஆறு முளைத்தால் கம்பெனி பாஸ். மீதி நாலுக்கு நீங்கள் துக்கம் கொண்டாட வேண்டியதில்லை. ஆகவே பைக்கு ஒரு விதை என்று கஞ்சத்தனம் பண்ணாமல் மூன்று ஊன்றி, நல்லதாக ஒன்றிரண்டை நிறுத்திக்கொள்ளுங்கள்.

'எஃப் 1' என்று போட்டிருந்தால் வீரிய ஒட்டு ரகம். காய்க்கும், ஆனால் அதிலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டால் அப்பன் குணம் பிள்ளைக்கு இருக்கும் என்று நிச்சயமில்லை. நாட்டு ரகத்திலும், பல்கலைக்கழகம் வெளியிட்ட சாதாரண ரகங்களிலும் விதை எடுத்து வைக்கலாம். பெரியகுளம் 1 தக்காளி இருக்கிறது. வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயைத் தாக்குப்பிடிக்கிற அர்க்கா அனாமிகா இருக்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கிற மாடித் தோட்டத் தளைகளில் பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, கையேடு எல்லாம் சேர்ந்தே வரும். ஸ்டாக் இருக்கிறபோது வாங்கிவிட வேண்டும், நல்ல படத்துக்கு டிக்கெட் மாதிரி.

எதை எப்போது போடுவது? தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நேராகப் பைக்குப் போகிற ஜாதி இல்லை. முதலில் நாற்று. ஓட்டை போட்ட பேப்பர் கப்போ தேங்காய் ஓடோ போதும். 25 முதல் 30 நாள் அதில் எல்.கே.ஜி. படித்துவிட்டுத்தான் பெரிய பைக்கு வரும். ஆகவே இந்த மூன்றுக்கும் விதை ஆனி முதல் வாரத்திலேயே விழ வேண்டும். வெண்டை, அவரை, கொத்தவரை நேரடியாகப் பையில். வெண்டை விதையை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். புதையல் வைக்கிற மாதிரி அரை அடிக்குக் கீழே தள்ளாதீர்கள்.

மேன்ஷன் வாசிகளுக்கும் பொறுமை குறைந்தவர்களுக்கும் என் சிபாரிசு கீரை. சிறுகீரையோ அரைக்கீரையோ, 25 நாளில் அறுத்துவிடலாம். மாதச் சம்பளக்காரனுக்கு ஏற்ற பயிர். ஒண்ணாம் தேதி போட்டால் மாசக் கடைசியில், கையில் காசில்லாத நேரத்தில் குழம்புக்கு ஆகும்.

* * *

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மாடியில் அம்மி இல்லை. தக்காளிச் செடி இருக்கிறது. நட்ட அன்றே பக்கத்தில் குச்சி ஊன்றிவிட வேண்டும். அப்புறம் ஊன்றினால் வேர் அறுபடும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிப்பது. எனவே மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் பைகளை வைத்தால் சுவர் காற்றைத் தடுக்கும், காலை வெயிலும் முழுசாகக் கிடைக்கும். காய்கறிக்கு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு நாலு போதும். வாட்டர் டேங்கின் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளை மேலே போய்ப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு பண்ணுங்கள்.

தண்ணீரில் நம்மவர்கள் தாராளம். செடி வாடினால் தண்ணீர், மஞ்சளானால் தண்ணீர், ஒன்றும் ஆகாவிட்டாலும் தண்ணீர். வேர் அழுகுவதற்கு இதுவே போதும். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை கலவையில் விடுங்கள். ஈரம் தெரிந்தால் பூவாளியைக் கீழே வைத்துவிடுங்கள். பைக்கு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர். ஐந்து பைக்கு அரை பக்கெட்டுக்கும் குறைவு. 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-லிருந்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்படியொரு வருஷம் வந்தாலும் இந்த அரை பக்கெட்டை அரிசி, பருப்பு கழுவின தண்ணீரிலும் ஏ.ஸி. சொட்டுகிற தண்ணீரிலும் ஒப்பேற்றிவிடலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் மட்டும் தினசரி வேண்டாம். உப்பு சேர்ந்துவிடும்.

பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் நிற்கிற தண்ணீரை வாரம் இரண்டு தரம் கவிழ்த்துவிட வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிறவரை வளர ஏழெட்டு நாள் கிடைத்தால் போதும். காய் கொடுக்கப் போன வீட்டில் காய்ச்சல் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

* * *

இப்போது என் சப்ஜெக்ட். நண்பர் ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதினார்.

பை ஐந்து, ரூ. 200. நார்க்கழிவு ரூ. 180. மண்புழு உரம் 25 கிலோ, ரூ. 375. செம்மண் ரூ. 60. வேப்பம் புண்ணாக்கு ரூ. 100. விதை நாலு பாக்கெட் ரூ. 80. வேப்பெண்ணெய் ரூ. 65. ஸ்பிரேயர் ரூ. 90. பூவாளி ரூ. 150. ஆக மொத்தம் ரூ. 1,300. செங்கல் ஓனர் உபயம்.

வரவு: வெண்டை ஒரு கிலோ, ரூ. 50. கத்தரி ஒன்றரை கிலோ, ரூ. 75. தக்காளி ஒன்றரை கிலோ, ரூ. 45. கீரை ஐந்து கட்டு, ரூ. 100. ஆக மொத்தம் ரூ. 270.

நண்பர் நோட்டை என்னிடம் நீட்டி, "ஆயிரத்து முப்பது ரூபா நஷ்டம் சார்" என்றார் ரகசியமாக, அப்பா காதில் விழாமல்.

பி.காம். எதற்குப் படித்தது? பூவாளியும் ஸ்பிரேயரும் செலவில்லை, சொத்து. பைகள் மூன்று வருஷம் வரும். மூன்றில் ஒரு பங்குதான் இந்த வருஷத் தேய்மானம். கலவை பையிலேயே இருக்கிறது, அது இறுதிச் சரக்கு. அடுத்த பட்டத்துக்குக் கொஞ்சம் உரம் மட்டும் சேர்த்தால் போதும். இப்படி எழுதினால் நஷ்டம் பாதிக்கும் கீழே வந்துவிடும். லாபமாக மாறுமா? முதல் வருஷம் மாறாது. மாறும் என்று சொல்கிற வீடியோவை நம்பாதீர்கள்.

விலையைத் துரத்திக்கொண்டு தோட்டம் போடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசாங்கமே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. ஊரே மாடிக்கு ஏறித் தக்காளி விதை போட்டது. நாற்றுக்கு 25 நாள், நட்டபின் 60, 70 நாள். காய் பழுத்தபோது அக்டோபர். விலையோ செப்டம்பரிலேயே தடாலென்று விழுந்துவிட்டது. இதைத்தான் பொருளாதாரத்தில் சிலந்தி வலைத் தேற்றம் என்று படித்தோம். இன்றைய விலையைப் பார்த்து விதைக்கிறவன் நாளைய விலைக்குத்தான் விற்பான் என்பது சாரம். 1934-ல் அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் நிகோலஸ் கால்டார். 1956-ல் இந்தியாவுக்கு வந்து வரி போட யோசனை சொல்லிவிட்டுப் போன அதே கால்டார். பரீட்சைக்கு உதவாத பாடம், தக்காளிக்கு உதவியது.

அப்படியானால் எதற்காகச் செய்வது என்று கேட்பீர்கள். மூலதனம் பணமில்லை, தினம் காலை பதினைந்து நிமிஷம். தண்ணீர் ஊற்ற ஐந்து, இலைகளைத் திருப்பி மாவுப்பூச்சியும் அசுவினியும் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து, சும்மா நிற்க ஐந்து. அந்தப் பதினைந்து நிமிஷத்தைச் செல்போன் இல்லாமல் தர முடியுமானால் ஐந்து பை வாங்குங்கள். முடியாவிட்டால் 1,300 ரூபாய்க்குக் காயாகவே வாங்கிவிடுங்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

* * *

அந்த மாடியில் பதினைந்து நிமிஷத்தை இரண்டு மணி நேரமாக்கியது அப்பா. நாற்று நட்ட மறுநாள் காலை அவர் மேலே போனபோது ஓவர்சீயர் ஏற்கெனவே அங்கே நின்றார், செங்கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. நாலாம் நாள் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. ஒருவர் தளத்தைக் காவல் காத்தார், இன்னொருவர் செடியைக் காவல் காத்தார். அணிலை விரட்டியது மட்டும் கூட்டு முயற்சி.

டிசம்பர் கடைசியில் ஓவர்சீயர் டார்ச் லைட்டோடு நண்பர் வீட்டுக்குள் வந்து சீலிங்கை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஈரமில்லை. "அடுத்த அஞ்சு சாங்ஷன். அதுல ஒண்ணு எங்க வீட்டுக்காரம்மாவுக்குக் கறிவேப்பிலை" என்றார்.

"ஆனியிலேயே கலவையைப் போட்டுடணும் ஐயா. போன தடவை ரெண்டு நாள் லேட்டு" என்றார் அப்பா.

நண்பர் இதை என்னிடம் சொன்னபோது நான் கேட்டேன்: "சரி, ஊருக்கு பஸ் டிக்கெட்?"

"கேட்டேன் சார். ஆடி முடியட்டும், கத்தரி காய்க்கட்டும், அப்புறம் பாப்போம்கறார்."

நாற்பது பக்க நோட்டை நான் மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். வரவுப் பக்கத்தில் இடம் நிறைய இருந்தது.